மழைக்கால ஜுரமும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கணக்கும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை நிலைகொண்டுவிட்டால் திருவல்லிக்கேணியில் ஜுரம் நுழையாத வீடு அபூர்வம். பார்த்தசாரதி சுவாமி கோயிலின் மாடவீதிகளிலும், இன்று பாரதி சாலை என்று வழங்கும் பழைய பைகிராப்ட்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளிலும், வேலை தேடியும் பரீட்சைக்குப் படிக்கவும் வெளியூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் ஓர் அறையில் மூவரும் நால்வருமாகத் தங்கியிருக்கும் மேன்ஷன்களிலும், ஒருவருக்கு வந்த இருமல் ஒரு வாரத்துக்குள் அடுத்தவருக்கும் அவருக்கடுத்தவருக்கும் தொற்றி, கஷாயத்தாலோ மருந்துக்கடை மாத்திரையாலோ தானாகவோ தணிந்துபோகிறது. இப்படி வந்துபோகும் ஜுரங்களையெல்லாம் எண்ணிக் கணக்கெடுப்பது எந்த அரசாங்கத்துக்கும் சாத்தியமன்று. அதற்கு அவசியமும் இல்லை. ஆனால் அந்த ஜுரக்காரர்களில் மிகச் சிலர், நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தணிய வேண்டிய ஜுரம் தணியாமல், மூச்சு வாங்கி, இரத்தத்தில் பிராணவாயு குறைந்து, வீட்டார் பதைபதைக்க 108 வண்டியில் ஏற்றப்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்குள் கொண்டுபோகப்படுகிறார்களே, அவர்கள் இந்த வாரம் இந்த நகரத்தில் எத்தனை பேர், எந்த வயதினர், சென்ற வாரத்தைவிடப் பெருகியிருக்கிறார்களா குறைந்திருக்கிறார்களா என்று கேட்டால், ஒரு சாதாரணப் பிரஜை எடுத்துப் பார்க்கக்கூடிய விடை இல்லை. அந்த விடையை, அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்ற பேதமின்றி, வாரந்தோறும் திரட்டிப் பிரசுரிக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டு பழைய கணக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். 1957-ஆம் ஆண்டு மே மாத நடுவில், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ‘ரஜூலா’ கப்பலின் பிரயாணிகளோடு, அப்பொழுது கீழ்த்திசை நாடுகளில் பரவிக்கொண்டிருந்த புதிய இன்ஃப்ளூயென்சாவும் வந்து இறங்கியது. நம் ஊர்க் கரையில் இறங்கிய அந்த வியாதி சில வாரங்களுக்குள் தேசம் முழுவதும் பரவிற்று. குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்தில் இருந்த இன்ஃப்ளூயென்சா மையத்தின் டாக்டர் ஐ.ஜி.கே. மேனன், 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் அதன் வரலாற்றை எழுதியிருக்கிறார்: 1957 மே முதல் 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பதிவான மரணங்கள் 1,098. அதாவது ஏறத்தாழ நாலாயிரம் பேரில் ஒருவர். இனி 2015-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு எச்1என்1 வைரஸ் இந்தியாவில் கடுமையாகத் தாக்கியபோது, மத்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் பதிவு செய்த நோயாளிகள் 42,592 பேர். மாண்டவர்கள் 2,990 பேர். அதாவது பதினான்கு பேரில் ஒருவர்.

வைரஸ் வேறு, காலம் வேறு என்பது மெய்தான். ஆயினும் ஒன்று மற்றொன்றைவிட முந்நூறு மடங்கு கொடியது என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். வியாதியைக் காட்டிலும் கணக்கெடுத்த முறையே அதிகம் மாறியிருக்கிறது. 1957-இல் ஜுரமும் உடம்புவலியும் கண்டவர்களையெல்லாம் எண்ணினார்கள். இறந்தவர்களில் பலர் எந்த ஏட்டிலும் ஏறாமல் போயிருப்பார்கள். 2009-க்குப் பிறகு வந்த விதிமுறையிலோ, லேசான ஜுரமுள்ளவர்களுக்குப் பரிசோதனை வேண்டியதில்லை என்றும், மூச்சுத்திணறல் முதலிய ஆபத்துக் குறிகள் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறவர்களுக்கே தொண்டைச் சளி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றும் வகுத்திருக்கிறார்கள். விதிமுறையில் குற்றம் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு உட்பட்டவர்களின் தொகையை வியாதி கண்டவர்களின் தொகையாக எடுத்துக்கொண்டு, ‘இவ்வளவு பேருக்கு வந்தது, இவ்வளவு பேர் மாண்டார்கள்’ என்று ஆண்டுதோறும் அறிவிப்பதால், இந்த வருஷத்து வியாதி சென்ற வருஷத்ததைவிடக் கடுமையா, மிருதுவா என்ற ஒரே முக்கியமான கேள்விக்கு நம்மால் விடை சொல்ல முடிவதில்லை. 2021-இல் பதிவானவர்கள் 778 பேர்தாம் என்று படிக்கும்போது, வியாதி குறைந்ததா, கொரோனாவின் நிழலில் அதைத் தேடுவாரே குறைந்துபோனார்களா என்பதை அந்தத் தொகையைக் கொண்டு மட்டும் எப்படிப் பிரித்தறிவது?

இந்தக் குழப்பம் அணுகாத இடம் ஒன்று உண்டென்றால் அது தீவிர சிகிச்சைப் பிரிவுதான். லேசான ஜுரக்காரர் டாக்டரிடம் போவதும் போகாததும் அவர் மனத்தையும் கையிருப்பையும் பொறுத்தது. பிராணவாயு குறைந்து நினைவு தடுமாறுகிறவரை வீட்டில் வைத்துக்கொள்ள யாரும் துணியமாட்டார்கள். அங்கே கட்டில்களுக்கு எண் உண்டு. ஒவ்வொரு கட்டிலுக்கும் இரவு பகலாக எழுதப்படும் குறிப்பு உண்டு. இன்ஃப்ளூயென்சாவா அல்லவா என்று பரிசோதித்துத் தீர வேண்டிய நிர்ப்பந்தமும் உண்டு. ஆகையால் அங்கே எழும் தொகை சிறியதாயினும் நம்பத்தக்கது. தொண்டையோடு நின்றிருக்க வேண்டிய வைரஸ் நுரையீரலின் சிற்றறைகள்வரை இறங்கி, அவற்றில் நீர் கோத்து, பிராணவாயு இரத்தத்தில் கலக்கும் வழியையே அடைத்துவிடும் அந்த நிலையில், வென்டிலேட்டர் வைப்பதும், நோயாளியைப் பல மணி நேரம் குப்புறப் படுக்கவைத்து நுரையீரலின் பின்புறத்துக்குக் காற்றுப் போக வகைசெய்வதும், வைரஸின் பின்னாலேயே நுழையும் பாக்டீரியா நிமோனியாவைக் கண்டு தடுப்பதும், மணிக்கு மணி கவனம் வேண்டும் காரியங்கள். அவ்வளவு கவனித்து எழுதிய குறிப்புகள், நோயாளி வீடு திரும்பியதும் பீரோவுக்குள் போய்விடுகின்றன.

தீவிர சிகிச்சை என்ற வைத்திய முறையே ஒரு தொற்று நோயின் நடுவில் பிறந்தது. 1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவி, சுவாசத் தசைகள் செயலிழந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டுகொண்டிருந்தபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து நிபுணர், நோயாளியின் மூச்சுக்குழலில் துவாரமிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றுச் செலுத்தலாம் என்று காட்டினார். அக்காலத்தில் அதற்கு இயந்திரங்கள் போதாமையால், வைத்தியக் கல்லூரி மாணவர்கள் நூற்றுக்கணக்கானோர் முறைவைத்துக்கொண்டு, பகலும் இரவும், வாரக்கணக்கில், நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தப் பையை அமுக்கினார்கள். மரண விகிதம் வெகுவாகக் குறைந்தது. குறைந்தது என்று உலகம் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், யார் வந்தார்கள், யாருக்கு என்ன செய்தோம், யார் பிழைத்தார்கள் என்று அந்த ஆஸ்பத்திரி கணக்கு வைத்திருந்ததுதான்.

அத்தகைய கணக்கு இன்ஃப்ளூயென்சா விஷயத்தில் என்ன செய்யும் என்பதற்கு 2009-ஆம் ஆண்டு பிரத்தியட்சமான சாட்சி. புதிய எச்1என்1 வைரஸ் உலகெங்கும் பரவத் தொடங்கிய அந்த வருஷம், பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் குளிர்காலம் முதலில் வந்தது. அவ்விரு நாடுகளின் தீவிர சிகிச்சை மருத்துவர்கள், 187 தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து ஒரே மாதிரிப் படிவத்தில் விவரம் திரட்டி, ஜூன் முதல் ஆகஸ்டு முடிய மூன்று மாதத்தில் சேர்ந்த 722 நோயாளிகளைப் பற்றி அக்டோபர் மாதமே பிரசுரித்துவிட்டார்கள். பத்து லட்சம் ஜனங்களுக்கு 28.7 பேர் தீவிர சிகிச்சைக்கு வந்தார்கள். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் அறுபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். பதினோரு பேரில் ஒருவர் கர்ப்பிணி. அறிக்கை எழுதப்பட்ட நாள்வரை நூற்றுக்குப் பதினான்கு பேர் இறந்திருந்தார்கள். கிழவர்களையே கொல்லும் என்று எண்ணியிருந்த வியாதி இம்முறை வாலிபர்களையும் கர்ப்பிணிகளையும் தேடிப் பிடிக்கிறது என்பதை, குளிர்காலத்தை இனிமேல்தான் சந்திக்க வேண்டியிருந்த வடபாதி உலகம் அந்தக் கணக்கிலிருந்து தெரிந்துகொண்டு, படுக்கைகளையும் மருந்தையும் தடுப்பூசியையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்யலாயிற்று.

அந்த விகிதத்தை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி விரிவுபடுத்தப்பட்ட சென்னை மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 67 லட்சம் பேர். அதே விகிதத்தில் வந்தால், மூன்று மாதத்தில் நகரம் முழுவதற்கும் சுமார் 190 நோயாளிகள். வாரத்துக்குப் பதினைந்து பேர். அதைப் போல் மூன்று மடங்கு வந்தாலும் வாரத்துக்கு ஐம்பதைத் தாண்டாது. ஐம்பது பேரைப் பற்றிப் பத்துக் கேள்விகளுக்கு விடை எழுதிக் கிண்டி கிங் ஆய்வகத்துக்கும் பொது சுகாதாரத் துறைக்கும் அனுப்புவது, ஜில்லா ஜில்லாவாக ஆயிரக்கணக்கான காய்ச்சல் முகாம்கள் நடத்தத் தெரிந்த ஒரு மாநிலத்துக்கு மலையைப் புரட்டும் காரியமா?

கேள்விகளும் நீண்டவை அல்ல. வயது என்ன, பெண்ணானால் கர்ப்பிணியா, பிரசவித்து எத்தனை நாள், சர்க்கரை வியாதி, இருதய வியாதி, ஆஸ்துமா, அதிகப் பருமன் உண்டா, ஜுரம் கண்ட எத்தனையாவது நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஓசல்டாமிவிர் மாத்திரை எத்தனையாவது நாள் கொடுக்கப்பட்டது, தடுப்பூசி போட்டுக்கொண்டவரா, வைரஸ் எந்த வகை, வென்டிலேட்டர் வைக்கப்பட்டதா, முடிவு என்ன. இவற்றுள் மருந்து தொடங்கிய நாளைப் பற்றிய கேள்வியைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். அம்மருந்து ஜுரம் கண்ட நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிகுந்த பலன் தருவது என்பது வைத்தியர்கள் எல்லோரும் அறிந்தது. தீவிர சிகிச்சைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்தாம் நாள், ஆறாம் நாள்தான் முதல் மாத்திரையை விழுங்கினார்கள் என்று ஒரு மாதத்துக் கணக்கு காட்டுமானால், குறை எந்தத் தெருவில், எந்தப் படியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மேன்ஷனில் தனியே படுத்திருந்து யாரும் கவனியாத பையனா, முதலில் பார்த்த டாக்டர் சாதாரண ஜுரம் என்று அனுப்பிவிட்ட கர்ப்பிணியா என்று தேடலாம்.

கர்ப்பிணிகளை எண்ணும்போது எங்கள் திருவல்லிக்கேணியின் கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி நினைவுக்கு வராமல் இராது. சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த முதல் பெண்களில் ஒருவரான டாக்டர் மேரி ஷார்லீபின் முயற்சியால், அந்நிய ஆடவரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ள வராத கோஷா ஸ்திரீகளுக்கென்றே 1885-இல் ஏற்பட்ட அந்த ஆஸ்பத்திரியை இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றே ஜனங்கள் சொல்லுகிறார்கள். தமிழ்நாட்டில் நேரும் ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் தனித்தனியே விசாரித்து, எந்த மணி நேரத்தில் எந்த உதவி தவறியது என்று தணிக்கை செய்யும் வழக்கம் 1990-களிலிருந்து வேரூன்றி, தாய்மார்களின் மரண விகிதத்தைக் குறைப்பதில் இம்மாநிலத்தை நாட்டின் முன்வரிசையில் நிறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு மரணத்தையும் எண்ணி விசாரித்தால் அடுத்த மரணத்தைத் தடுக்கலாம் என்பதை நம் செவிலியரும் மருத்துவரும் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு வரும் கடுமையான இன்ஃப்ளூயென்சாவை, அவள் இறந்தபின் விசாரிப்பதோடு நில்லாமல், தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நம் தேசத்து ஆஸ்பத்திரிகளுக்கே உரிய சில சிக்கல்களைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே கொண்டுவந்தால் அவை கண்ணில் படா. இங்கே ஒரு நோயாளி முதலில் வீட்டருகே உள்ள நர்ஸிங் ஹோமில் சேர்கிறார். அங்கே முடியாமல் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு மாறுகிறார். நாலைந்து நாளில் கைப்பொருள் கரைந்து, நகை அடகுக்குப் போய், ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்கோ ராஜீவ் காந்தி பொது ஆஸ்பத்திரிக்கோ கொண்டுவரப்படுகிறார். இவர் ஒருவரே மூன்று இடத்தில் மூன்று நோயாளியாக எண்ணப்படலாம். அல்லது ஒவ்வோர் இடமும் மற்றோர் இடம் எழுதியிருக்கும் என்று விட்டுவிட, எங்குமே எண்ணப்படாமலும் போகலாம். இனிப் பிழைக்க வழியில்லை என்று தெரிந்ததும், உயிர் வீட்டில் போகட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போய்விடுகிற குடும்பங்கள் எத்தனையோ; அப்படிப் போனவர் ஆஸ்பத்திரிக் குறிப்பில் மரித்தவர் ஆகமாட்டார். ஆகவே, நோயாளிக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, மாறிப்போகும் இடமெல்லாம் அந்த எண் கூடவே போகும்படியும், வீட்டுக்குப் போனவரின் கதி என்ன ஆயிற்று என்று பத்து நாள் கழித்து விசாரித்து எழுதும்படியும் செய்யாவிட்டால், கணக்கு அழகாக இருக்கும், உண்மையாக இராது. பெயரையும் முகவரியையும் பிரசுரிக்க வேண்டியதே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பரிசோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. வியாதி நுரையீரலுக்கு இறங்கிவிட்ட நோயாளியின் தொண்டையில் வைரஸ் அகப்படாமல், மூச்சுக்குழலின் ஆழத்திலிருந்து எடுத்த சளியில் அகப்படுவதுண்டு; தொண்டைச் சளியில் இல்லை என்ற ஒரே முடிவைக் கொண்டு வென்டிலேட்டரில் இருப்பவரைக் கணக்கிலிருந்து தள்ளிவிடலாகாது. இவ்வாறு சேரும் மாதிரிகளில் ஒரு பகுதியை, 2021-இல் தேனாம்பேட்டையில் அரசு நிறுவிய மரபணுப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பினால், வைரஸ் உருமாறியிருக்கிறதா, ஓசல்டாமிவிருக்கு அடங்காததாக ஆகியிருக்கிறதா என்பதும் தெரியவரும்.

இந்த வேலையை ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லாத செவிலியர் தலையில் கட்டுவது அதர்மம். பெரிய ஆஸ்பத்திரி ஒவ்வொன்றுக்கும் இதற்கென ஒரு விவரப் பதிவாளரை அரசு நியமித்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். நியமிக்காமல் சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால், இரண்டு மாதம் எழுதுவார்கள். மூன்றாம் மாதம் நின்றுபோகும்.

தொகையை வெளியிட்டால் ஜனங்கள் பீதியடைவார்கள் என்று ஓர் ஆட்சேபம் அடிக்கடி எழுகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டம் மழைக்காலத்தில் நாள்தோறும் பத்திரிகையில் வருகிறது. அதைப் படித்துச் சென்னை வாசிகள் யாரும் பீதியடைந்ததில்லை. செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு திறந்துவிடப்படுகிறது என்று நேரத்தில் தெரியாமற்போன 2015 டிசம்பரில்தான் இந்நகரம் நடுங்கியது. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவைப் பற்றி இதே சுகாதாரத் துறை, மாண்டவர்களின் வயதையும் உடனிருந்த வியாதிகளையும்கூடக் குறிப்பிட்டு, மாலைதோறும் அறிக்கை வெளியிட்டது. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை தீவிர சிகிச்சைப் படுக்கை காலி என்பதை வலைத்தளத்தில் எவரும் பார்க்கும்படி வைத்தது. அந்தக் கொடிய நாட்களில் ஜனங்களுக்குச் சிறிதேனும் தைரியம் கொடுத்தவை அந்தத் தகவல்களே. தனியார் ஆஸ்பத்திரிகள் தங்கள் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சுவதை மட்டும் நான் நியாயம் என்று ஒப்புக்கொள்வேன். அதிக நோயாளிகளைக் காட்டிய ஆஸ்பத்திரி என்பது பெரும்பாலும் ஒழுங்காகப் பரிசோதித்த ஆஸ்பத்திரிதான். ஆகவே ஆஸ்பத்திரி வாரியாக அல்லாமல், மண்டல வாரியாகவும் வயது வாரியாகவும் தொகையை வெளியிட வேண்டும். உண்மையை எழுதி அனுப்பியதற்காக எந்த ஆஸ்பத்திரிக்கும் நோட்டீஸ் போகலாகாது.

டில்லியில் வெளியாகும் அகில இந்தியக் கணக்கு போதாதா என்று கேட்கலாம். போதாது. வட இந்திய நகரங்கள் பலவற்றில் இன்ஃப்ளூயென்சா ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம் பெறுகிறது. ஸ்ரீநகரில் தை, மாசிக் குளிரில். நம் பக்கத்திலோ வடகிழக்குப் பருவமழையோடு. ஆகையால் தேசத்தின் தொகை இறங்கிக்கொண்டிருக்கும்போது சென்னையின் தொகை ஏறிக்கொண்டிருக்கலாம். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எச்3என்2 வைரஸ் பரவியபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் ஆய்வகங்கள் வாயிலாகத் திரட்டி, கடுமையான சுவாச நோயோடு சேர்ந்து எச்3என்2 உறுதியானவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பிராணவாயுவும் ஏழு பேருக்குத் தீவிர சிகிச்சையும் தேவைப்பட்டன என்று அறிவித்தது. மிகவும் உபகாரமான தகவல்; அதைப் போன்றதொன்று சென்னைக்கென்று, வாரந்தோறும், தவறாமல் வர வேண்டும். பக்கத்தில் உள்ள இலங்கையில் சுகாதார அமைச்சின் கீழ்த் தேசியத் தீவிர சிகிச்சைக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று அரசு ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை இணைத்திருக்கிறது. அதன் வழியைப் பின்பற்றி, சென்னை மருத்துவர்கள் முன்னின்று 2019-இல் இந்தியத் தீவிர சிகிச்சைப் பதிவேடு ஒன்றையும் தொடங்கியிருக்கிறார்கள். அறிவும் அனுபவமும் இந்நகரிலேயே இருக்கின்றன. மருத்துவர்களின் தன்னார்வத்தை நம்பி நடக்கும் காரியத்தை, நாட்டிலேயே முதலாவதாக 1939-இல் பொது சுகாதாரச் சட்டம் கண்ட இம்மாநிலம் தன் கடமையாக ஏற்றுக்கொள்ள ஓர் அரசாணை போதும்.

அடுத்த ஐப்பசிக்கு முன்னால் அந்த ஆணை பிறக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் ஒருவர் ஜுரத்தோடு மூச்சுத்திணறித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டால், இன்ஃப்ளூயென்சாவுக்குப் பரிசோதித்தீர்களா, மருந்து இன்றே தொடங்கியாயிற்றா, பொது சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தீர்களா என்ற மூன்று கேள்விகளையும் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.